சாவி யார் இடுப்பில்?

போன இதழில் நகைச் சீட்டைப் பற்றி எழுதினாலும் எழுதினேன், கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன! அவற்றில் நாலைந்து சகோதரிகள் ஏறக்குறைய ஒரே விஷயத்தைக் கேட்டிருக்கிறார்கள். "பிட்காயின், கிரிப்டோ என்று ஏதேதோ சொல்கிறார்களே, அந்தத் தொழிலில் பெண்கள் பெரிய ஆளாக வரலாமாமே? 'நீங்களும் லேடீஸ் லீடர் ஆகலாம்' என்று எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டு டிபன்கூடக் கொடுத்தார்கள். சேரலாமா அக்கா?" என்று ஒருவர். இன்னொரு சகோதரி, "என் வீட்டுக்காரர் இரண்டு வருஷமாக அதில் பணம் போட்டுக்கொண்டிருக்கிறார். எவ்வளவு, எங்கே என்று கேட்டால் 'அதெல்லாம் உனக்குப் புரியாது' என்கிறார்" என்று எழுதியிருக்கிறார்.

இந்த இரண்டாவது கடிதம்தான் என்னைப் பேனாவை எடுக்க வைத்தது.

நான் பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்தியவள். ஆனால் என் அக்கா பெண் பெங்களூரில், இந்த நாணயங்களை வாங்கி விற்கும் கம்பெனி ஒன்றில் நாலு வருஷமாக வேலை பார்க்கிறாள். சட்டதிட்டப்படி எல்லாம் நடக்கிறதா என்று பார்க்கிற பிரிவு. தீபாவளிக்கு வந்தவளை விடாமல் பிடித்துக்கொண்டேன். முறுக்கு பிழிந்துகொண்டே கேட்டதில் பாதி புரிந்தது. மீதியை அவள் சொன்ன கட்டுரைகளையும் புத்தகங்களையும் மெதுவாக எழுத்துக்கூட்டிப் படித்துப் பிடித்துக்கொண்டேன்.

"அது என்ன கண்ணு, காசுங்கறீங்க, கையிலே தொட முடியாதாமே?"

"தொட முடியாது சித்தி. பாட்டி அவங்க குழுவிலே கணக்கு நோட்டு வெச்சிருந்தாங்களே, அந்த மாதிரி நெனச்சுக்கோங்க."

பாட்டி என்று அவள் சொன்னது என் மாமியாரை. எங்கள் தர்மபுரி மாவட்டத்தில்தான் 1989-ல் தமிழ்நாட்டின் மகளிர் சுய உதவிக் குழுக்கள் முதன் முதலாக ஆரம்பமாயின. என் மாமியார் பிற்பாடு ஒரு குழுவில் ஊக்குநராக இருந்தவர். வாராவாரம் கூட்டம் போட்டு, யார் எவ்வளவு சேமித்தார்கள், யாருக்கு எவ்வளவு கடன் என்பதை எல்லாருக்கும் கேட்கிற மாதிரி உரக்கப் படிப்பார்கள். தப்பாகப் படித்தால் உட்கார்ந்திருக்கிற இருபது பேரும் சும்மா விடுவார்களா?

பிட்காயினின் கணக்குப் புத்தகமும் கிட்டத்தட்ட அப்படித்தான். அது ஒருத்தர் வீட்டுப் பீரோவில் இருப்பதில்லை. உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களில் அச்சு மாறாமல் அதே பிரதி இருக்கிறது. எந்தக் கணக்கிலிருந்து எந்தக் கணக்குக்கு எவ்வளவு போயிற்று என்பதை எல்லாம் சேர்ந்து சரிபார்த்து எழுதிக்கொள்கின்றன. நடுவில் ஒரு பிரதியை யாராவது அடித்துத் திருத்தினால் மற்ற பிரதிகள் காட்டிக்கொடுத்துவிடும். சதோஷி நகமோட்டோ என்ற பெயரில் 2008 அக்டோபரில் வெளியான ஒரு சின்னக் கட்டுரையில் இந்த யோசனை இருந்தது. 2009 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. மொத்தம் 2 கோடியே 10 லட்சம் நாணயங்களுக்கு மேல் வராது என்று முதலிலேயே கணக்குக் கட்டிவிட்டார்கள். அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பது ஆணா, பெண்ணா, ஒரு கோஷ்டியா என்பது உறுதியாக யாருக்கும் தெரியாது. (தெரிகிறவரையில் பெண் என்றே நான் வைத்துக்கொள்கிறேன்!)

கணக்குப் புத்தகம் எல்லாருக்கும் பொது. ஆனால் உங்கள் கணக்கில் உள்ளதை எடுக்க உங்களுக்கென்று ஒரு ரகசியச் சாவி உண்டு. பெரும்பாலும் அது 12 அல்லது 24 சாதாரண ஆங்கில வார்த்தைகள். வரிசை மாறக் கூடாது. அந்த வார்த்தைகள் யாரிடம் இருக்கின்றனவோ, பணம் அவருடையது. தொலைத்தால் தொலைத்ததுதான். பாங்க் மானேஜர் முன்னால் ஆதார் கார்டை நீட்டிக் கண்ணைக் கசக்கலாம் என்றால், இங்கே மானேஜரே கிடையாது!

பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலைக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்த என் மாமியார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப பொட்டி யாருதுன்னு கேட்டுப் பிரயோஜனமில்லே. சாவி யார் இடுப்புலேன்னு கேக்கணும்" என்றார். என் அக்கா பெண் மாவுக் கையோடு கை தட்டினாள். "எங்க ஆபீஸ்லே ஒரு மணி நேரம் பாடம் எடுத்துச் சொல்றதைப் பாட்டி ஒரு வரியிலே சொல்லிட்டாங்க சித்தி!"

பெண்களையும் இந்த நாணயத்தையும் சேர்த்துப் பேச வேண்டுமானால் முதலில் சொல்ல வேண்டிய ஊர் ஹெராத். ஆப்கானிஸ்தானில், ஈரான் எல்லைப் பக்கம் இருக்கிறது.

ரோயா மஹ்பூப் என்று ஒரு பெண். அகதிகளாகப் போன ஆப்கானியப் பெற்றோருக்கு ஈரானில் பிறந்தவர். நாடு திரும்பி, ஹெராத் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் படித்து, 2010-ல் அந்த ஊரிலேயே ஒரு மென்பொருள் கம்பெனி ஆரம்பித்தார். வேலைக்கு எடுத்தது பெரும்பாலும் பெண்களை. அந்த நாட்டில் அது எவ்வளவு பெரிய துணிச்சல் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 2013-ல் 'டைம்' பத்திரிகை உலகில் செல்வாக்குள்ள 100 பேர் பட்டியலில் இவரைச் சேர்த்தது. நியூயார்க்கில் இருந்த பிரான்செஸ்கோ ருல்லி என்ற இத்தாலிய வியாபாரியோடு சேர்ந்து இன்னொரு ஏற்பாடும் செய்தார். ஆப்கானியப் பெண்கள் கட்டுரை எழுதலாம், வீடியோ எடுக்கலாம். அதற்குக் கூலி உண்டு.

கூலி உண்டு, சரி. அதை எப்படிக் கொடுப்பது? அங்கேதான் சிக்கல். அந்தப் பெண்களில் அநேகம் பேருக்கு பாங்க் கணக்கே இல்லை. வெளிநாட்டிலிருந்து இணையம் வழியாகப் பணம் அனுப்பும் பிரபலமான கம்பெனிகள் அந்த நாட்டில் இல்லை. உண்டியல்காரர் மூலம் அனுப்பினால் அவருக்கு ஒரு பங்கு. சரி, ரொக்கமாகவே கையில் கொடுத்துவிடலாம் என்றால், அது வாசற்படி தாண்டும்போதே அப்பா கைக்கோ, அண்ணன் கைக்கோ, புருஷன் கைக்கோ போய்விடும். கண்ணைக் கெடுத்துக்கொண்டு ராத்திரியெல்லாம் டைப் அடித்தவள் மறுபடி வெறுங்கை!

(ஆப்கானிஸ்தான் என்று தள்ளிவைத்துவிடாதீர்கள். எங்கள் பக்கத்தில் குழுக் கடன் பட்டுவாடா ஆகிற நாளில் பாங்க் வாசலில் வேப்பமரத்தடியில் பீடி பிடித்துக்கொண்டு நின்ற புருஷன்மார்களை என் மாமியார் இன்றைக்கும் பெயர் சொல்லுவார். எதற்கு நின்றார்கள் என்று உங்களுக்குத் தெரியாதா என்ன? என் மாமனாரே, "பாஸ் புக்கை எங்கிட்டே குடு, நீ எங்கியாச்சும் தொலைச்சுடுவே" என்று கேட்டாராம். மாமியார் அதை அரிசி டின்னுக்குள் வைத்துவிட்டு, "தொலைஞ்சுதான் போச்சுங்க" என்று பதில் சொன்னாராம்!)

பிட்காயினில் கொடுத்துப் பார்க்கலாமே என்று ருல்லி யோசனை சொன்னார். 2014-ன் தொடக்கத்திலிருந்து அப்படியே கொடுத்தார்கள். செல்போனோ கம்ப்யூட்டரோ இருந்தால் போதும். பாங்க் கணக்கு வேண்டாம், ஆம்பிளைக் கையெழுத்து வேண்டாம். சாவி அந்தப் பெண்ணிடம். தன் சம்பாத்தியத்தில் தானே லாப்டாப் வாங்கிக்கொண்ட பெண்கள் அதில் இருந்தார்கள்.

எல்லாம் வெல்லப்பாகு என்று நினைத்துவிட வேண்டாம். ஹெராத் கடைத்தெருவில் பிட்காயினைக் கொடுத்துக் கால் கிலோ சர்க்கரை வாங்க முடியுமா? முடியாது. ஆகவே அதைக் கொடுத்துப் பொருள் வாங்க இணையத்தில் தனியாக ஒரு கடை ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது. அதைவிடப் பெரிய தலைவலி விலை. 2014 தொடக்கத்தில் ஒரு பிட்காயின் 700 டாலருக்கு மேல். வருஷக் கடைசியில் 320 டாலர் சுமார். ஜனவரியில் வாங்கிய சம்பளத்தைச் செலவழிக்காமல் பத்திரமாக வைத்திருந்தவளுக்கு டிசம்பரில் பாதிக்கும் கீழே! மாதாமாதம் பால் கணக்கும் ஸ்கூல் பீஸும் கட்டுகிற குடும்பத்துக்கு இது எப்படித் தாங்கும்? இந்தச் சம்பவத்தைச் சொல்லிப் புளகாங்கிதம் அடைகிறவர்கள் இந்த இடத்தை மட்டும் லேசாக நழுவவிட்டுவிடுகிறார்கள்.

ஆனால் அதே பெண்களில் ஒருவர் 2016-ல் மிரட்டலுக்குப் பயந்து குடும்பத்தோடு நாட்டை விட்டுக் கிளம்பி, பல நாடுகளைத் தாண்டி ஜெர்மனி போய்ச் சேர்ந்தார். கொண்டுபோன பண்டம் பாத்திரமெல்லாம் வழியிலேயே பறிபோயிற்று. பழைய சம்பளமாகக் கிடைத்த பிட்காயினின் சாவி மட்டும் கூடவே போயிற்று. விலை ஏறிய பிறகு, புது ஊரில் காலூன்ற அதுதான் கைகொடுத்தது என்று ரோயா பலரிடம் சொல்லியிருக்கிறார். 2021 ஆகஸ்டில் தாலிபான் காபூலைப் பிடித்தது. 2022-ல் ஹெராத்தில் இந்த நாணயம் விற்ற கடைகளைப் போலீஸ் மூடியது. அந்த வருஷ டிசம்பரில் பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவையும் சாத்திவிட்டார்கள். ரோயா படித்த அதே பல்கலைக்கழகம் உட்பட. ஒரு நாணயத்தால் அதைத் திறக்க முடியவில்லை.

எனக்கு இதில் பிடித்தது ரோயா பிட்காயினைக் கையில் எடுத்தது அல்ல. சம்பளத்தை யார் கையில் கொடுப்பது என்று முடிவு செய்கிற நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தது. ஓர் ஆண் அந்த நாற்காலியில் இருந்தால் நல்லவராகவே இருந்தாலும், "வீட்டுப் பெரியவர்கிட்டே குடுத்துட்டோமே, அப்புறம் என்ன?" என்று விட்டிருப்பார். வாசற்படியில் என்ன நடக்கிறது என்பது வாசற்படிக்கு உள்ளே இருந்தவளுக்குத்தான் தெரியும்.

இனி, 'உனக்குப் புரியாது' என்று கேட்டுக்கொண்டிருக்கிற சகோதரிக்காக ஜெய்ப்பூர் கதை ஒன்று. கதையில்லை, நடந்தது.

ஜெரால்ட் காட்டன் என்பவர் கனடாக்காரர். அந்த நாட்டிலேயே பெரிய கிரிப்டோ பரிமாற்ற நிலையங்களில் ஒன்றை நடத்தினார். குவாட்ரிகா என்று பெயர். 2018-ல் ஜெனிபர் ராபர்ட்சன் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு, இருவருமாக நம் நாட்டுக்கு வந்தார்கள். டிசம்பர் 9-ந் தேதி ஜெய்ப்பூரில் ஓர் ஆஸ்பத்திரியில் அவர் இறந்துபோனார். குடல் வியாதி. வயசு முப்பதுதான். அந்நிய தேசத்தில் அந்தப் பெண் எப்படித் துடித்திருப்பாள், பாவம்.

ஊர் திரும்பிய பிறகுதான் இடி விழுந்தது. சுமார் 76,000 பேர் அந்த நிலையத்தில் பணம் போட்டிருந்தார்கள். சாவிகள் எல்லாம் காட்டன் ஒருத்தருக்குத்தான் தெரியும், அவருடைய லாப்டாப்பைத் திறக்க முடியவில்லை என்று அறிவித்தார்கள். "எனக்குப் பாஸ்வேர்டு தெரியாது" என்று மனைவி கோர்ட்டில் சொன்னார். யார் நம்புவார்கள்? மிரட்டல்கள் வந்தன. கடைசியில் 2020-ல் ஒண்டாரியோ மாகாணத்தின் பங்குச் சந்தைக் கண்காணிப்பு அமைப்பு விசாரித்துச் சொன்னது என்ன தெரியுமா? பூட்டிய பெட்டிக்குள் பணமே இல்லை. பொய்ப் பெயர்களில் கணக்கு வைத்து, மக்களின் பணத்தை எடுத்து ஆடித் தொலைத்திருக்கிறார் மனுஷர். அவர் விட்டுப்போன வீடு, படகு, விமானம் என்று சொத்தில் பெரும்பகுதியை அந்தப் பெண் திருப்பிக் கொடுத்தார். பிறகு 2022-ல் தன் கதையைப் புத்தகமாக எழுதினார்.

கோடீஸ்வரர் வீட்டுக் கதை நமக்கெதற்கு என்று நினைக்காதீர்கள். நம் வீட்டில் இருபதாயிரம் போட்டிருந்தாலும் நிலைமை இதேதான். பாங்க் டெபாசிட்டுக்கு நாமினி இருக்கிறது. எல்.ஐ.சி.க்கு இருக்கிறது. ஆனால் தன் கையிலேயே சாவியை வைத்திருக்கும் கிரிப்டோவுக்கு நாமினி என்ற பேச்சே கிடையாது. சாவியோடு ஆள் போனால் பணமும் போச்சு. ஆகவே, சண்டைக்குப் போகாமல், அவர் காப்பி சாப்பிட்டுச் சாவகாசமாக இருக்கும் வேளை பார்த்து நாலே நாலு கேளுங்கள். எந்தக் கம்பெனியில் இருக்கிறது? எந்த ஈமெயில், எந்த போன் நம்பரில் கணக்கு? 12 வார்த்தைக் காகிதம் என்று ஒன்று உண்டா, உண்டென்றால் எந்த டிராயரில்? இன்கம்டாக்ஸ் படிவத்தில் காட்டியிருக்கிறதா? லாப நஷ்டத்தைக் கேட்காதீர்கள். அதைக் கேட்டால்தான் ஆண்களுக்குக் கோபம் வருகிறது! இந்த நாலையும் ஒரு நோட்டில் எழுதி, குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழோடு வையுங்கள். போட்டோ எடுத்து வாட்ஸப்பில் மட்டும் அனுப்பிவிடாதீர்கள்.

அடுத்து, டிபன் கொடுத்த கூட்டம்.

பெண்கள் தலைமைக்கு வர வேண்டும் என்று பேசுகிறவர்கள் இந்தப் பெயரைச் சொல்லக் கூச்சப்படுகிறார்கள். நான் சொல்லிவிடுகிறேன். ருஜா இக்னாதோவா. பல்கேரியாவில் பிறந்து ஜெர்மனியில் வளர்ந்து, சட்டத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர். 2014-ல் 'ஒன்காயின்' என்று ஒரு நாணயத்தை ஆரம்பித்தார். 2016 ஜூனில் லண்டன் வெம்ப்ளி அரங்கத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் எழுந்து நின்று கைதட்ட, ஜொலிக்கிற கவுனில் மேடை ஏறினார். கிரிப்டோ மகாராணி என்றே பெயர். 'பாடத்தொகுப்பு' என்று சொல்லித்தான் விற்றார்கள். 100 யூரோவில் ஆரம்பித்து லட்சம் யூரோவைத் தாண்டியும் தொகுப்பு உண்டு. வாங்கியவர் இன்னும் நாலு பேரைச் சேர்த்துவிட்டால் கமிஷன். நாத்தனார், ஓரகத்தி, கூடப் படித்தவள் என்று சேர்த்துக்கொண்டே போனார்கள்.

நான் முன்னால் சொன்னேனே, எல்லார் கையிலும் பிரதி உள்ள கணக்குப் புத்தகம்? ஒன்காயினுக்கு அப்படி ஒன்று இல்லவே இல்லை! விலை ஏறியது என்று கம்பெனி தன் திரையில் ஒரு நம்பரைப் போடும், அவ்வளவுதான் ஏற்றம். நம் நாட்டிலும் 2017 ஏப்ரலில் நவி மும்பையில் இதற்குக் கூட்டம் நடத்தியவர்களைப் போலீஸ் கைது செய்தது. அந்த அக்டோபரில் ருஜா சோபியாவில் விமானம் ஏறி ஏதென்ஸில் இறங்கினார். பிறகு ஆளையே காணோம். உலகம் முழுக்க 400 கோடி டாலருக்கு மேல் ஏமாற்றியதாக அமெரிக்க அரசு சொல்கிறது. அவருடைய கூட்டாளி கார்ல் கிரீன்வுட்டுக்கு 2023-ல் 20 வருஷச் சிறைத் தண்டனை. ருஜாவை 2022-ல் எப்.பி.ஐ. முக்கியமாகத் தேடும் பத்துப் பேர் பட்டியலில் போட்டது. துப்புக் கொடுப்பவருக்கு 50 லட்சம் டாலர் வரை பரிசு.

அந்த மண்டபத்தில் டிபன் போட்டவர்களை எனக்குத் தெரியாது. குற்றம் சொல்லவும் வரவில்லை. ஆனால், 'லீடர்' என்றால் அவர்கள் கணக்கில் என்ன அர்த்தம் என்று கேட்டுப் பாருங்கள். எத்தனை பேரைச் சேர்த்தீர்கள் என்பதுதான் பதிலாக வந்தால், இட்லி சாம்பாருக்கு ஒரு நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

நல்ல தலைவிகள் இல்லாமலா இருக்கிறார்கள்? பிட்காயினில் சில்லறைத் தொகைகளைச் சட்டென்று அனுப்புவதற்கான ஏற்பாட்டை உருவாக்கும் லைட்னிங் லாப்ஸ் கம்பெனியை, அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான எலிசபெத் ஸ்டார்க் தலைமை ஏற்று நடத்தி வந்திருக்கிறார். அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்தில் 2018 முதல் உறுப்பினராக இருந்து இந்தத் துறைக்காக வாதாடிய ஹெஸ்டர் பியர்ஸுக்கு 'கிரிப்டோ அம்மா' என்றே பட்டப் பெயர் வைத்துவிட்டார்கள். (ஆணாக இருந்திருந்தால் 'கிரிப்டோ அப்பா' என்று வைத்திருப்பார்களோ என்னவோ.) எனக்கு மனசுக்கு நெருக்கமாகப் பட்டது கென்யாவைச் சேர்ந்த லொரேன் மார்செல். 2022-ல் 'பிட்காயின் தாதா' என்று ஆரம்பித்தார். பயந்துவிடாதீர்கள், சுவாஹிலி மொழியில் 'தாதா' என்றால் சகோதரி! ஆப்பிரிக்கப் பெண்களுக்கு வகுப்பு எடுக்கிறார்கள். நாணயம் விற்பதைவிட, சாவியை எப்படி வைத்துக்கொள்வது, மோசடியை எப்படி அடையாளம் காண்பது என்பதுதான் பாடத்தில் முக்கியம்.

என் அக்கா பெண் ஆபீஸிலும் பெண்கள் இருக்கிறார்கள். போனில் வாடிக்கையாளருக்குப் பதில் சொல்கிற இடத்தில் நிறைய. "புரோகிராம் எழுதற ரூம்ல விரல் விட்டு எண்ணிடலாம் சித்தி. முடிவு எடுக்கற மீட்டிங்ல அந்த விரலும் வேண்டாம்" என்றாள். மார்ச் 8 வந்தால் மட்டும் எல்லாப் பெண்களையும் நிற்கவைத்துக் கேக் வெட்டி போட்டோ எடுப்பார்களாம்.

ஒரு சம்பவம் சொன்னாள். தமிழ்நாட்டுப் பெண்களுக்கென்று ஒரு விளம்பரம் தயார் செய்தார்களாம். கோலம் போடுகிற பெண், கையில் போன், 'உங்கள் சேமிப்பு, உங்கள் உரிமை' என்று கொட்டை எழுத்துத் தமிழ். கீழே பொடி எழுத்தில், இது கட்டுப்பாட்டுக்கு உட்படாத பொருள், ஆபத்து அதிகம் என்கிற எச்சரிக்கை ஆங்கிலத்தில். அந்த எச்சரிக்கை கட்டாயம் என்று விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில் 2022 ஏப்ரல் முதல் விதி வைத்திருக்கிறது. கூட்டத்தில் இருந்த யாருக்கும் தப்பாகப் படவில்லை. தமிழ் படிக்கத் தெரிந்தவள் இவள் ஒருத்திதான். "ஆசை காட்டறது தமிழ்ல, எச்சரிக்கை மட்டும் இங்கிலீஷ்லயா சார்?" என்று கேட்டிருக்கிறாள். முதலில் சிரித்தார்களாம். இவள் எழுத்து மூலமாகவே மறுப்புக் கொடுத்தாள். மூன்று வாரம் இழுத்தடித்து, அப்புறம் எச்சரிக்கையும் தமிழில் வந்தது; எழுத்தும் கொஞ்சம் பெரிசாயிற்று. அவளுக்குப் பாராட்டும் கிடைக்கவில்லை, பதவி உயர்வும் கிடைக்கவில்லை. ஆனாலும் எத்தனை வீட்டில் எத்தனை பேர் அந்த வரியைப் படித்துவிட்டுக் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்களோ!

சட்ட விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் இது செல்லுபடியாகும் பணம் இல்லை. வைத்துக்கொள்வது குற்றமும் இல்லை. லாபத்துக்கு 2022 ஏப்ரல் முதல் 30 சதவிகிதம் வரி. (பட்ஜெட்டில் அதை அறிவித்தவரும் மதுரையில் பிறந்த ஒரு பெண்தான், நிர்மலா சீதாராமன்!) விற்கும்போது 1 சதவிகிதம் பிடித்துக்கொள்வார்கள். ஒரு நாணயத்தில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. புருஷன் தன் பணத்தை மனைவி பெயரில் போட்டால், அதில் வரும் லாபம் அவர் வருமானத்தோடுதான் சேரும். ஆகவே 'உன் பேர்ல போட்டிருக்கேன்' என்பதைக் கேட்டுப் பூரித்துப்போக வேண்டாம். பெயர் மட்டும்தான் நம்முடையது.

குழுக்களில் பாங்கிலிருந்து பணம் எடுக்க ஒரு கையெழுத்துப் போதாது என்பது உங்களில் பலருக்குத் தெரியும். கிரிப்டோவிலும் அதே மாதிரி, மூன்று சாவியில் இரண்டாவது சேர்ந்தால்தான் திறக்கும் என்கிற பெட்டிகள் உண்டு. பெரிய நிலையங்கள் அப்படித்தான் வைத்திருக்கின்றன. ஆனால் 2024 ஜூலையில் வசிர்எக்ஸ் என்ற இந்தியப் பரிமாற்ற நிலையத்திலிருந்து சுமார் 23 கோடி டாலர் திருடு போயிற்றே, அதுவும் பல சாவிப் பெட்டிதான்! கையெழுத்துப் போட்டவர்கள் திரையில் பார்த்தது ஒன்று, உண்மையில் கையெழுத்தானது வேறொன்று என்று அந்தக் கம்பெனியே சொன்னது. இதைச் சொன்னதும் என் மாமியார், "படிச்சுக் காட்டாம கையெழுத்து கேட்டா நான் பேனாவையே தொட மாட்டேன்" என்றார். ஒன்பது வருஷம் ஊக்குநராக இருந்தவர், சொல்வார்.

அந்தத் திருட்டுக்குப் பிறகு எல்லாருடைய கணக்கையும் முடக்கி வைத்தார்கள். திருடு போகாத நாணயம் வைத்திருந்தவர்களும் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். அப்படி நின்றவர்களில் ஒரு பெண் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். அவர் 2024 ஜனவரியில் போட்டது 1,98,516 ரூபாய். இரண்டு லட்சம்கூட இல்லை. 'என் நாணயம் திருடு போனதில் சேர்ந்ததே இல்லை, அதை எப்படி மற்றவர் நஷ்டத்தோடு சேர்த்துப் பங்கு போடலாம்?' என்பது அவர் வழக்கு. 2025 அக்டோபரில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அவருக்கு இடைக்காலப் பாதுகாப்புக் கொடுத்தார். கிரிப்டோ நாணயம் என்பது சொத்துதான். அதை ஒருவர் உடைமையாக வைத்திருக்கலாம், அனுபவிக்கலாம், மற்றவர் நம்பிக்கைப் பொறுப்பில் விட்டுவைக்கவும் செய்யலாம் என்று அந்தத் தீர்ப்பில் எழுதியிருக்கிறார். நாடு முழுக்க இதை வைத்திருக்கும் அத்தனை ஆண்களும் இப்போது அந்த வரியைத்தான் எடுத்துக் காட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

தீர்ப்பின் நகலை என் அக்கா பெண் போனில் அனுப்பினாள். ஆங்கிலத்தில், நிறையப் பக்கங்கள். மத்தியானச் சமையல் ஒழிந்த பிறகு தினம் இரண்டு பக்கம் என்று படித்துக்கொண்டிருக்கிறேன். மாமியாருக்கு அதைத் தமிழில் சொல்ல வேண்டும் என்பது உத்தரவு. அந்தப் பெண்மணி யார், எந்த ஊர் என்று தினமும் கேட்கிறார்.